பண்டைய கிரேக்கக் கைவினைப் பாடங்கள்: பெற்றோருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பயிலும் மாணவர்களுக்கு, இப்பருவத்தின் ஓவிய வகுப்புகளில் பண்டைய கிரேக்கப் பண்பாட்டைக் கைவேலை வழியாகக் கற்பிக்க இருக்கிறோம்.

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் குயவர்கள் செய்த சாடிகள் பலவற்றில் பின்புலம் செம்மண் நிறமாகவும் உருவங்கள் கருமையாகவும் இருக்கும். அந்தக் கருமை சாயமன்று. இரும்புச் சத்துள்ள களிமண்ணைக் கரைத்துத் தெளியவைத்து எடுத்த மென்குழம்பைப் பூசி, சூளைக்குள் காற்றை முதலில் விட்டும் பிறகு அடைத்தும் மீண்டும் விட்டும் சுட்டதால் வந்த நிறம். கண், முடி, ஆடை மடிப்பு ஆகியவற்றைக் கூர்முனையால் கீறியே காட்டினார்கள். திராய்ப் போர்க் கதையின் வீரர்களான அக்கிலீசும் அயாக்சும் பலகையில் காய் விளையாடுவதாக ஏதென்ஸ் ஓவியர் எக்சேகியாஸ் தீட்டிய சாடி வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ளது; அவ்விருவரின் மேலாடையில் தெரியும் நுண்ணிய வேலைப்பாடு இப்படிக் கீறப்பட்டதே. சூளைக்கு நம் பள்ளியில் வழியில்லை. ஆகவே சாடி வடிவில் வெட்டிய அட்டையில் செங்காவி நிற கிரேயானை அழுத்தித் தேய்த்து, பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு கலந்த கறுப்பு போஸ்டர் வண்ணத்தால் அதன்மேல் உருவத்தை நிரப்பி, காய்ந்தபின் பல்குத்தும் குச்சியால் கீறுவார்கள். கீறிய கோட்டை ரப்பரால் அழிக்க முடியாது என்பதால் பிள்ளைகள் கை வைக்குமுன் யோசிப்பார்கள். இந்தப் பாடம் எனக்குப் பிடித்திருப்பதற்கு அதுவே காரணம்.

அடுத்தது ஓட்டுச் சில்லுகள். ஏதென்சில் ஒருவரை 10 ஆண்டுகளுக்கு நாட்டைவிட்டு வெளியேற்ற விரும்பிய குடிமக்கள், அவர் பெயரை உடைந்த மண்பாண்டச் சில்லில் கீறி வாக்களித்தார்கள். நம் வகுப்பில் எவருக்கும் எதிராக வாக்கெடுப்பு நடக்காது. விளிம்பைத் தேய்த்து மழுக்கிய சில்லில் அவரவர் தம் பெயரையே கிரேக்க எழுத்தில் எழுதுவார்கள். மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்த இருகைச் சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்திருப்பதையும் ஆசிரியர் அப்போது சொல்வார்.

பிள்ளைகளிடம் ஒரு பழைய சட்டையும் செய்தித்தாளும் கொடுத்தனுப்பினால் போதும். பாதியில் நிற்கும் வேலை வீட்டுக்கு வந்தால், அதைத் திருத்தவோ முடித்துத் தரவோ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏதென்சின் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றில், அந்நகர அரசியல் தலைவர் தெமிஸ்டோக்ளீசின் பெயர் கீறிய ஏறத்தாழ 190 சில்லுகள் கிடைத்தபோது, அவை 14 பேரின் கையெழுத்து மட்டுமே என்று ஆய்வாளர்கள் கண்டுகொண்டார்கள். எங்கள் ஓவிய ஆசிரியருக்கும் அந்தக் கண் உண்டு.

மண்ணோ வண்ணமோ தோலுக்கு ஒவ்வாத பிள்ளைகள் இருந்தால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்