சீதன உறுதியும் ஒரு கையெழுத்தும்

அன்பின் வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று வாசித்ததும் நிம்மதி. இங்கே மார்கழிக் குளிர் தொடங்கிவிட்டது.

சரி, நல்ல சேதியை முதலில் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்ற வங்கிக் கிளைக்கு ஒரு பெண் முகாமையாளர் வந்திருக்கிறாள். 2009இல் பயிற்சிக்கு வந்து என் மேசைக்குப் பக்கத்தில் இருந்து வேலை பழகிய பிள்ளை. பென்சன் காசு எடுக்கப் போன என்னைக் கண்டதும் "அக்கா" என்று எழும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கதிரையில் அவளைப் பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. 1984இல் நான் சேர்ந்தபோது அந்தக் கிளையில் பெண் என்று நான் ஒருத்திதானே. ரோகிணி நாணயக்கார இலங்கை வங்கியின் பொது முகாமையாளரான செய்தியைப் பேப்பரில் இருந்து வெட்டி லாச்சிக்குள் வைத்திருந்தேன், உனக்கும் காட்டியிருக்கிறேன். 2019இல் இருந்து ஐரோப்பிய மத்திய வங்கிக்கே கிறிஸ்டீன் லகார்ட் தலைவர். எங்கள் மத்திய வங்கி 1950இல் தொடங்கியது. ஆளுநர் கதிரையில் இதுவரை ஒரு பெண்ணும் இருக்கவில்லை.

ஆனால் அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு வேறொருத்தியின் நினைவுதான். 2011இல் நான் கடன் பிரிவில் இருந்தபோது சாவகச்சேரிப் பக்கத்தில் இருந்து வந்தாள். சீதனமாகக் கிடைத்த காணியின் பத்திரத்தை, அந்த உறுதியை, பொலித்தீன் பைக்குள் சுற்றிக் கொண்டு வந்திருந்தாள். தையல் கடை போட இரண்டு இலட்சம் வேண்டும். காணி அவளுடைய பெயரில், தாய் எழுதிக் கொடுத்தது. ஆனால் எங்களுக்குத் தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழருக்கென்று உள்ள வழக்குச் சட்டம். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் மனைவி தன் காணியை ஈடு வைக்க அப்போது முடியாமல் இருந்தது. அவளுடைய கணவன் 2009இல் காணாமற்போனவர். அப்படியானவர்களின் மனைவிமார் மாவட்ட நீதிமன்றத்தில் உத்தரவு எடுக்கலாம் என்று அதே சட்டத்தில் வழி இருந்தது. இரண்டு இலட்சம் கடன் கேட்டு வந்தவள் வழக்குச் செலவுக்கு எங்கே போவாள்?

"அவர் வந்தால் கையெழுத்து வைப்பார் அக்கா" என்றாள். விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தது நான்தான், வசந்தி.

பிறகு அவள் தாலிக்கொடியை அடைவு வைத்தாள் என்று கேள்விப்பட்டேன். நகை அசையும் சொத்து, அதற்குக் கணவனின் சம்மதம் வேண்டியதில்லை. எங்கள் பெண்கள் கையில் காசு சேர்ந்தால் தங்கம் வாங்குவதை நகை ஆசை என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருப்போம். தன் கையெழுத்தோடு மட்டும் ஒரு பெண் காசாக்கக்கூடிய சொத்து அதுதான் என்பது கடன் பிரிவில் இருந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. காசு எண்ணுகிற இடத்தில் பெண்கள் கூடினது பெரிய காரியம், மறுக்கவில்லை. கடன் கேட்டு முன்னால் நிற்கிறவளின் உறுதிக்கும் அதே மதிப்புக் கிடைக்கிற நாளைத்தான் நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

இதையெல்லாம் புது முகாமையாளரிடம் சொன்னேன். பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். அப்புறம் அதே பேனையைத் திறந்து, அந்தத் தையல்காரியின் ஊர் எது என்று கேட்டு எழுதிக்கொண்டாள். வருகிற சனிக்கிழமை இரண்டு பேரும் சாவகச்சேரிப் பக்கம் தேடிப் போகிறோம். ஆளைக் கண்டால் உடனே எழுதுகிறேன்.

அன்புடன்,
மலர்