ராத்திரிக்காக ஒரு ஸ்தோத்திரம்

அன்புள்ள ஜெயா,

ஸ்தோத்திரம். இங்கு நலம், உன் நலமறிய ஆவல். இந்த வரி இல்லாவிட்டால் நீ கடிதத்தை மேற்கொண்டு படிக்க மாட்டாய் என்று தெரியும்.

இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், அப்புறம் விஷயத்தை யார் சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன். ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் கட். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கஞ்சி குடிக்கிறார். பில்லைப் பற்றி மட்டும் கேட்காதே.

வந்த மறுநாள் விடியற்காலம் நடந்ததைக் கேள். நாலரைக்கே எழுந்து உட்கார்ந்து, கீர்த்தனைப் புத்தகத்தைப் பிரித்து, முழுத்தொண்டையில் பாட ஆரம்பித்துவிட்டார். மாடிப்படி ஏறக் கூடாது என்றுதான் டாக்டர் சொன்னாராம், பாடக் கூடாது என்று சொல்லவில்லையாம். சுருதியைப் பற்றி உனக்கே தெரியும், எங்கள் கல்யாணத்தில் பாடினாரே! எதிர்வீட்டு பாய் பதறி ஓடிவந்து, "டீச்சர், சாருக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். பாட்டு முடிந்து ஜெபம். "கடந்த இராத்திரி முழுவதும் எங்களைக் கண்மணிபோலக் காத்து, இந்தப் புதிய நாளைக் காணச் செய்த கிருபைக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே..."

ஹாஸ்டலில் வார்டன் அக்கா "கடந்த" என்று ஆரம்பித்ததுமே நம் வரிசையில் எல்லார் தோளும் குலுங்குமே! ரோஸ்லின் கொசுவையும் மூட்டைப்பூச்சியையும் வேறு சேர்த்துக்கொள்வாள். அதே வரிதான். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், இரும்பு நாற்காலியில், கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் யாரைக் கூப்பிடப்போகிறார்களோ என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து பார் ஜெயா. விடியும் நேரத்தில் ஒரு நர்ஸ் தலையை நீட்டி, "உங்க வீட்டுக்காரர் காபி கேட்டு அடம்பிடிக்கிறார்மா" என்றாள். எனக்கு வாயில் வந்தது அந்த வரிதான். வேறு ஜெபமே வரவில்லை.

அதிலிருந்து இதே யோசனை. போதாக்குறைக்குப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் காலை ஜெபத்தைப் பற்றிப் பேசு என்று சபைப் போதகர் ஐயர் என் தலையில் கட்டிவிட்டார். சபைச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூத்தர் 1529-இல் கேள்வி பதிலாக எழுதிய விசுவாசப் பாடப் புத்தகம், சிறிய ஞானோபதேசத்தை எடுத்துப் புரட்டினேன். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழ் படித்து, மொழிபெயர்த்தவற்றில் அதுவும் ஒன்று. அதிலுள்ள காலை ஜெபமும் ராத்திரியில்தான் தொடங்குகிறது: இந்த ராத்திரி எல்லாத் தீங்குக்கும் மோசத்துக்கும் விலக்கிக் காத்தீரே, அதற்கு ஸ்தோத்திரம். ஜெபம் முடிந்ததும் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு சந்தோஷமாக உன் வேலைக்குப் போ என்கிறார் லூத்தர். ஹாஸ்டலில் நமக்குப் பாட்டும் இருந்தது, முற்றம் பெருக்குகிற வேலையும் இருந்தது. சந்தோஷத்தைத்தான் அக்கா கேட்டதே இல்லை!

வேதாகமத்தில் மூன்றாம் சங்கீதமும் அப்படித்தான். "நான் படுத்து நித்திரைசெய்தேன்; விழித்துக்கொண்டேன்; கர்த்தர் என்னைத் தாங்குகிறார்." பெற்ற மகன் அப்சலோமுக்குப் பயந்து ஓடுகிற தாவீது ராஜா பாடியது. தூங்கி எழுந்ததையே பெரிய செய்தியாகச் சொல்கிறான் பார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் போன பிறகு காலையில் ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வரமாட்டேன் என்கிறது, எதற்கென்று நன்றி சொல்வது என்று எழுதியிருந்தாய். எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள் என்ற வசனத்தை உனக்குத் தூக்கிக் காட்ட எனக்கு மனமில்லை. அதை வைத்துக்கொண்டு துக்க வீட்டுக்குள் நுழைகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

போன்ஹோபரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஹிட்லரை எதிர்த்த லூத்தரன் போதகர். 1943 ஏப்ரலில் பிடித்து பெர்லினில் டேகல் சிறையில் அடைத்தார்கள். அந்த நவம்பரில் பெர்லின்மீது பெரிய குண்டுவீச்சுகள் தொடங்கின. கிறிஸ்துமஸ் சமயத்தில், கூட இருந்த கைதிகளுக்காகச் சில ஜெபங்கள் எழுதினார். அதில் காலை ஜெபம் ஒன்று. ராத்திரியின் அமைதிக்காக உமக்குத் துதி, நன்றி என்று அதில் வருகிறது. எப்படிப்பட்ட ராத்திரிகள் என்று யோசித்துப் பார். அந்த நன்றிக்கு முன்னால், எடுத்த எடுப்பிலேயே, நான் ஜெபிக்க உதவி செய்யும், என் எண்ணங்களை ஒன்றுசேர்க்க உதவி செய்யும், என்னால் தனியாக முடியவில்லை என்கிறார். எனக்குள் இருட்டாயிருக்கிறது, உம்மிடம் வெளிச்சம் இருக்கிறது என்கிறார். 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி தூக்கில் போட்டுவிட்டார்கள். சந்தோஷம் பொங்கிய பிறகுதான் ஸ்தோத்திரம் சொல்லலாம் என்று அவர் காத்திருந்தால் அந்த ஜெபமே வந்திருக்காது. அதே சமயம், இருட்டை இல்லையென்றும் சொல்லவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

அதனால் நீ வார்த்தை தேடிக் கஷ்டப்படாதே. முடியவில்லை என்பதோடு எழுந்துவிடு. இங்கே இவர் போடுகிற சத்தத்தில் உன் பங்கும் சேர்ந்து போய்விடும். ராத்திரி காத்ததற்கான ஸ்தோத்திரத்தில் உன் பெயரைத் தினமும் சொல்கிறோம், உன் பெரியவன் பெயரையும். சின்னவனுக்கு விசா வந்ததா? நேர்முகத் தேர்வு தேதியை எழுது.

கோயில் விருந்து அசனத்துக்கு ஊருக்கு வந்தால் இங்கே இரண்டு நாள் தங்கிப் போ. கருவாடு கொண்டுவராதே, கொண்டுவந்தால் என் கையில் கொடு. போன் பண்ணுவதென்றால் ஞாயிறு மதியம் மட்டும் வேண்டாம். நாலரைக்கு எழுப்பிவிடுகிற மனுஷனோடு இருக்கிறேன், அன்றைக்குத்தான் கொஞ்சம் தூங்குகிறேன்.

உன்,
கிரேஸ்