கிரைண்டரை நிறுத்திய அக்காமார்களுக்கு

தாராவி, மும்பை

கைக்குழந்தைகளின் காதுகேட்கும் திறனைப் பார்த்த முகாமுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

முதல் நன்றி இட்லி வியாபாரம் செய்யும் அக்காமார்களுக்கு. மாவு ஆட்டுகிற மதிய நேரத்தில் இரண்டு மணி நேரம் கிரைண்டரை நிறுத்தினீர்கள். ஓ.ஏ.இ. சோதனையில் காதுக்குள் மெத்தென்ற முனை வைத்துச் சன்னமான ஒலி அனுப்புகிறோம். உட்காதின் மயிர்ச்செல்கள் நன்றாக இருந்தால் ஓர் எதிரொலி திரும்பி வரும். அதைப் பிடிக்கும் மைக்கும் அதே முனையில்தான். பக்கத்துச் சந்தில் கிரைண்டர் ஓடினாலே அந்த எதிரொலி அமுங்கிப்போகும். நல்ல காதுக்கும் சோதனைக் கருவி ‘ரெஃபர்’, அதாவது மறுபடி பார்க்க வேண்டும் என்று காட்டிவிடும். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தாலும் இதே கதைதான்.

ஆச்சிமார்களே, குளிப்பாட்டிய கையோடு காதில் எண்ணெய் விடாமல் அனுப்பினீர்களே, அது பெரிய உதவி. எண்ணெயும் குறும்பியும் முனையின் துளையை அடைத்தால் காது நன்றாக இருந்தாலும் முடிவு தப்பாகத்தான் வரும்.

“தட்டைத் தட்டினா திரும்புதே, காது நல்லாத்தான் கேக்குது” என்று சொன்ன வீடுகளுக்கும் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்த ஆஷா சகோதரிகளுக்கு நன்றி. தட்டுச் சத்தம் பெரிது. அதற்குத் திரும்பும் பிள்ளைக்கு ‘ஸ்’, ‘ஷ்’ காதில் விழாமலே இருக்கலாம். இன்குபேட்டரில் 5 நாளுக்கு மேல் இருந்த பிள்ளைகளையும், மஞ்சள் காமாலைக்கு ரத்தம் மாற்றிய பிள்ளைகளையும் டிஸ்சார்ஜ் சீட்டு பார்த்துத் தனியாகக் குறித்துத் தந்ததும் நீங்கள்தான். அவர்களுக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது. மயிர்ச்செல் சரியாக இருந்து நரம்பில் கோளாறு இருந்தால் ஓ.ஏ.இ. ‘பாஸ்’ என்றே காட்டும். ஒலி காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனைதான் அதைக் கண்டுபிடிக்கும்.

பாந்த்ராவில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்துக்குப் பெரா எடுக்க ஓட்டிப்போன ஆட்டோ அண்ணன்களுக்குத் தனி நன்றி. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனை ஒட்டினால் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். வழியிலேயே தூங்கிவிட்டால் அங்கே போய் முழித்துக்கொள்ளும். சிக்னலுக்குச் சிக்னல் திரும்பி விளையாட்டுக் காட்டி முழிக்க வைத்தீர்கள். போய் இறங்கிய பிறகு பாலூட்டியதும் பிள்ளைகள் தூங்கிப்போனார்கள்.

காதுகேட்கும் கருவி மாட்டிய பிள்ளைகளுக்கு அதைச் சட்டையோடு கோக்கும் கயிறு தைத்துத் தந்த டெய்லர் அண்ணனுக்கும், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் தந்த தோல் பை பட்டறைக்காரர்களுக்கும் நன்றி. மழைக்காலத்தில் கருவியின் குழாயில் ஒரு துளி நீர் கோத்தாலும் ஒலி நின்றுவிடும். ராத்திரியில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மூடி இறுகிய டப்பாவில் பொட்டலத்தோடு கருவியை வைக்க வேண்டும். டப்பாவும் பேட்டரியும் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கருவியிலிருந்து ‘கீ’ என்று விசில் வந்தால் பெரும்பாலும் மோல்டு, அதாவது காதுக்குள் பொருந்தும் அச்சு, தளர்ந்திருக்கும். பிள்ளையின் காது வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒலியைக் குறைத்து வைக்காதீர்கள், புது மோல்டுக்கு அளவு கொடுங்கள்.

பிறந்து 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் கோளாறு உறுதி, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதுதான் கணக்கு. ‘ரெஃபர்’ வந்த பிள்ளைகளுக்கு மறுசோதனை வரும் ஞாயிறு மதியம், அதே அறையில். அக்காமார்களே, அன்றைக்கும் ஒரு இரண்டு மணி நேரம்.