கத்துகிறார் என்றால் காரணத்தைத் தேடுங்கள்

ஆசிரியருக்கு,

டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் மங்கும் நோய்) உள்ள முதியவர் இடுப்பெலும்பு முறிந்தோ நிமோனியா வந்தோ மருத்துவமனையில் சேர்ந்தால், எலும்பையும் நுரையீரலையும் கவனிக்க ஆள் இருக்கிறார்கள். மனதைக் கவனிக்கத்தான் ஆள் இல்லை. இரவில் கத்தினாலோ டிரிப்ஸ் குழாயைப் பிடுங்கினாலோ கையைக் கட்டுவதும் மயக்க ஊசி போடுவதும் வேதனையான வழக்கமாகிவிட்டது.

அந்தக் கத்தலுக்குப் பெரும்பாலும் காரணம் இருக்கும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, சொல்லத் தெரியாத வலி, புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை. இவற்றால் ஓரிரு நாளில் திடீரென வரும் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். காரணத்தைச் சரிசெய்தால் பலருக்கு அது தணியும். 'வயசானால் அப்படித்தான்' என்று விட்டால் தொற்று முற்றிவிடும். பேசாமல் சோர்ந்து கிடப்பவருக்கும் டெலிரியம் இருக்கலாம். தொந்தரவு தராததால் அவரை யாரும் கவனிப்பதில்லை.

அமைதிப்படுத்தக் கொடுக்கும் ஆன்டிசைக்காட்டிக் (மனநோய்க்கான) மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களின் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன. புதிய வகை மருந்துகளுக்கு 2005-லும் பழைய வகைக்கு 2008-லும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை எச்சரித்தது. தவிர்க்கவே முடியாதபோது குறைந்த அளவில், சில நாட்கள் கொடுக்கலாம். வீட்டுக்கு அனுப்பும்போது எழுதும் சீட்டிலும் அது தொடர்ந்தால், நிறுத்துவது யார்?

மனநல மருத்துவர் வார்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடு எல்லாப் பெரிய மருத்துவமனைகளிலும் வேண்டும். அப்புறம், குழப்பம் கூடாமலிருக்க மூக்குக்கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் நோயாளியிடமிருந்து வாங்கி வைக்காதீர்கள்; குடும்பத்தில் ஒருவரை இரவிலும் உடனிருக்க விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்