ஃபங்கஸ் பிடித்த லென்ஸும் உப்புக் காற்றும்

தூத்துக்குடி,
ஐப்பசி கடைசி, விடாத மழை.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும் கூடவே நீ அனுப்பியிருந்த அந்த லென்ஸ் படமும் கிடைத்துப் பத்து நாளாகிறது. குலசை என்கிற குலசேகரப்பட்டினத்துத் தசராவில் எடுத்த படங்களை உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்ததால் உடனே எழுத முடியவில்லை. கம்ப்யூட்டரில்தான், ஒவ்வொரு வானத்திலும் அதே ஏழு புள்ளிகள், ஒவ்வொன்றாக அழித்து அழித்துச் சுட்டுவிரல் வீங்காத குறை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் உன் லென்ஸ், உள்ளே ஏதோ படிந்திருக்கிறதே, என்ன என்று கேட்டிருந்தாய். உன் லென்ஸ் என்ன, நம்ம லென்ஸ். அந்த 50 மி.மீ.யை ஆளுக்குப் பாதிக் காசு போட்டு வாங்கினோம், ஆறு மாதம் உன்னிடம், ஆறு மாதம் என்னிடம் என்று பேச்சு. உனக்குக் கோத்தகிரிக்கு மாற்றல் வந்ததும் அந்தப் பேச்சும் மலையேறிவிட்டது.

டார்ச் அடித்துப் பார்த்தாய் அல்லவா, அதுதான் சரியான வழி. பின்பக்கத்திலிருந்து கொஞ்சம் சாய்வாக வெளிச்சம் விட்டு முன்பக்கமிருந்து பார்த்தால், தூசி புள்ளி புள்ளியாக நிற்கும். உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசை ஆவியாகிப் படிந்திருந்தால் மொத்தமும் பனி மூடினாற்போல மங்கிக் கிடக்கும். ஃபங்கஸ் என்றால் சிலந்தி வலைதான், ஓரத்தில் வேர் பிடித்துக் கிளை விட்டு நடுவை நோக்கி ஓடும். உன் படத்தில் இருப்பது மூன்றாவது, சந்தேகமே இல்லை.

நான் சொன்னால் கோபப்படுவாய், ஆனாலும் சொல்கிறேன். அது வந்தது மழையால் மட்டும் இல்லை. தோல் பையில் போட்டு, பீரோவில் போர்வைக்கு அடியில் வைத்து, எட்டு மாதம் எடுத்தே பார்க்காமல் விட்டிருக்கிறாய். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துவைக்கும், பீரோவில் காற்றும் இல்லை வெளிச்சமும் இல்லை, உங்கள் ஊரில் இந்த மாதங்களில் துவைத்த வேட்டியே மூன்று நாள் காயாது. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே அது கிளம்பிவிடும். அதன் விதை காற்றில் எங்கேயும் இருக்கிறது, நம் இரண்டு பேர் வீட்டிலும் இருக்கிறது, அதைத் தடுக்க முடியாது, ஈரத்தைத்தான் தடுக்க முடியும். வாரம் ஒரு தடவை வெளியே எடுத்து நாலு படம் எடுத்திருந்தால்கூட இந்த அளவுக்கு வந்திருக்காது.

சரி, திட்டியாயிற்று. என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். முன் கண்ணாடியின் வெளிப்பக்கமாக இருந்தால் லென்ஸ் திரவத்தைத் துணியில் ஒரு சொட்டு விட்டு நீயே துடைத்துவிடலாம். (துணியில் விட வேண்டும், கண்ணாடி மேல் நேரே விட்டால் ஓரத்து வளையம் வழியாக உள்ளே இறங்கிவிடும்.) உனக்கு வந்திருப்பது உள்ளே, இரண்டு கண்ணாடிக்கு நடுவில். கழற்றித்தான் ஆக வேண்டும், அதை நீ கழற்றாதே. கழற்றுவது சுலபம், ஐந்து நிமிட வேலை. திரும்ப அதே மையத்தில் உட்காரவைக்க நம்மால் ஆகாது. தெரிந்தவர் கழற்றித் துடைத்தாலும் முழுக்கச் சரியாகும் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் பூஞ்சை வளரும்போது அமிலம் விடும், அது கண்ணாடியின் மேல்பூச்சை அரித்திருந்தால் பூஞ்சை போன பிறகும் தழும்பு நிற்கும். வெயிலில் காயவைத்தால் செத்துவிடும் என்று உன் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு, புற ஊதாக் கதிருக்கு அது அடங்கும், ஆனால் செத்த பூஞ்சை எழுந்து வெளியே நடந்து போகாது, அங்கேயேதான் கிடக்கும். அப்படியே வைப்பதாக இருந்தால் இரண்டு மூடியையும் கழற்றி, கீழே அலுமினியத் தாள் விரித்து வை. மேஜை விரிப்பின் மேல் வைத்து வீட்டுக்குத் தீ வைத்துவிடாதே, அதுவும் ஒரு பூதக்கண்ணாடிதான்.

அதுவரை அதிலேயே படம் எடு. ஓரத்தில் நாலு இழை இருப்பதெல்லாம் சாதாரண வெளிச்சத்தில் படத்தில் தெரியவே தெரியாது. சூரியனுக்கு எதிரே பிடித்தால்தான் படம் வெளுத்துப்போகும்.

இங்கே என் நிலைமை வேறு. உனக்கு ஈரம் மட்டும், எனக்கு ஈரமும் உப்பும். இந்த ஊரில் மக்ரூனை டப்பாவைத் திறந்து அரை மணி நேரம் வைத்தாலே நமத்துவிடும், உனக்குத் தெரியாததா. ஒரு நாள் அதை மென்றுகொண்டே யோசித்தேன், முந்திரியும் சர்க்கரையுமே இந்தக் காற்றில் இந்தப் பாடு படும்போது கேமரா எப்படித் தப்பும் என்று. அன்றைக்கே கடைக்குப் போய் அடுக்களைக்கு வாங்குகிற பெரிய காற்றுப்புகா டப்பா ஒன்று வாங்கினேன், ரப்பர் விளிம்போடு. உள்ளே அரைக் கிலோ சிலிக்கா ஜெல், துணிப்பையில் கட்டி. ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று. 40-லிருந்து 50-க்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன். மின்சாரத்தில் ஓடி ஈரத்தை நீக்கும் டிரை கேபினெட் அலமாரி நல்லதுதான், வாங்கலாம், ஆனால் அது விற்கிற விலைக்கு நான் இன்னொரு லென்ஸ் வாங்குவேன் என்பதால் வாங்கவில்லை. அரிசிக்குள் புதைத்துவை என்று உன் தங்கச்சி யோசனை சொன்னாள். அரிசியில் இருக்கிற மாவும் தவிடும் லென்ஸுக்குள் போகும் என்று சொல்லித் தப்பித்தேன். ஆனால் வேறொன்றில் மாட்டிக்கொண்டேன். நீல சிலிக்கா ஜெல் ஈரம் குடித்தால் வெளிறி ரோஸ் நிறமாகும், சூடு காட்டினால் மறுபடி நீலமாகும், அதை நான் அவளுடைய வாணலியில் வறுத்துவிட்டேன். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, உடம்புக்கு ஆகாதது என்று பிறகுதான் தெரிந்தது. வாணலி போனது, மானமும் போனது. நீ வாங்கினால் ஆரஞ்சு நிறத்தில் வருவதை வாங்கு, தனிச் சட்டி வைத்துக்கொள்.

இப்போது குலசை. பத்தாம் நாள் ராத்திரி, மகிஷாசுர சம்ஹாரத்துக்கு முன்னால் சாயங்காலத்திலிருந்தே கடற்கரையில் நின்றேன். காளி வேஷம், குரங்கு வேஷம், போலீஸ் வேஷம், மேளம், குங்குமம், திருநீறு, கால் வைக்க இடமில்லாத கூட்டம், காற்றில் மணல். அந்த நேரத்தில் அகல லென்ஸை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது பார். கேமராவை அணைக்கக்கூட இல்லை, அதன் வாயைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு பையில் லென்ஸைத் தேடினேன். மறுநாள் காலையில் அங்கேயே எடுத்த கடல் படங்கள் எல்லாவற்றிலும் ஏழு புள்ளி. ராத்திரிப் படங்களில் அப்பர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் வரும் துளை, அகலத் திறந்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. காலையில் துளையைச் சுருக்கி எஃப் 16-க்குப் போனதும் அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. தூசி எப்போதும் அங்கேதான் இருக்கும், அப்பர்ச்சரைச் சுருக்கினால்தான் அதன் நிழல் கூர்மையாக விழும்.

நாம் பிலிம் போட்ட காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் புதுப் பிலிம் நகர்ந்து வரும், தூசியும் அதோடு நகர்ந்து போகும். பிலிமுக்குப் பதிலாக வந்த சென்சார் அப்படியே நிற்கிறது, ஒரு தூசி உட்கார்ந்தால் ஆயிரம் படத்திலும் உட்கார்ந்திருக்கும். கேமராவைப் போடும்போது அது தன்னைத்தானே அதிரவைத்து உதறிக்கொள்கிறதே, 2003-இல் ஒலிம்பஸ் இ-1-இல் முதலில் வந்தது அந்த ஏற்பாடு, காய்ந்த தூசிக்கு அது போதும். உப்பும் ஈரமும் சேர்ந்து ஒட்டிய தூசி அந்த உதறலுக்கெல்லாம் அசையாது.

என் முதல் டிஜிட்டல் கேமராவுக்கு நான் செய்த கொடுமையை உன்னிடம்கூட இதுவரை சொன்னதில்லை, வெட்கம். காது குடைகிற பட்ஸை ஸ்பிரிட்டில் நனைத்து சென்சாரைத் துடைத்தேன். கோடு கோடாகக் கறை, போதாததற்குப் பஞ்சு இழை. இன்னும் அழுத்தித் துடைத்தேன், இன்னும் மோசமானது. தூக்கிக்கொண்டு ஒரு பெரிய கடைக்குப் போனால், சென்சாரையே மாற்ற வேண்டும் என்று கேமரா விலையில் பாதிக்கு மேல் கேட்டார்கள். திரும்பி வரும் வழியில் ஒரு பழைய ஸ்டூடியோக்காரரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். தம்பி, நீங்க துடைச்சது சென்சாரே இல்லை, அதுக்கு மேல ஒரு ஃபில்டர் கண்ணாடி இருக்கு, அதுதான் உங்களைக் காப்பாத்திச்சு என்றார். பத்து நிமிடத்தில் சுத்தம் செய்து கொடுத்தார். முதலில் காற்று, அது போதாவிட்டால்தான் ஈரம், அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை போதும் என்றார். நீ தொடாமல் கெடுத்தாய் என்றால் நான் தொட்டுத் தொட்டுக் கெடுத்தவன்.

அவர் சொன்னபடிதான் இப்போதும். முதலில் எஃப் 22 வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பார்ப்பேன். படத்தில் மேலே இருக்கும் புள்ளி சென்சாரில் கீழே இருக்கும், இடம் வலம் மாறாது, எதிரே நின்று பார்க்கும்போது. பிறகு கேமராவின் வாயைக் கீழே பார்க்கக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் புளோயரால் ஊதுவேன். வாயால் ஊதவே கூடாது, எச்சில் தெறிக்கும். கேனில் அடைத்து விற்கிற காற்றும் வேண்டாம், சமயத்தில் உள்ளே இருக்கும் திரவமே பீய்ச்சி அடித்துவிடும். ஏழில் நாலு அதிலேயே போயிற்று. மீதி மூன்றுக்கு ஸ்வாப், சென்சார் துடைக்கிற தட்டைக் குச்சி. சென்சாரின் குறுகிய பக்கத்துக்குத் தகுந்த ஸ்வாப் வாங்க வேண்டும், என்னுடையதற்கு 24 மி.மீ., உன்னுடையது ஏபிஎஸ்-சி என்கிற சின்ன சென்சார் என்றால் 16. இரண்டே சொட்டுத் திரவம், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் ஒரே இழுப்பு, ஸ்வாபைத் திருப்பி மறுபக்கத்தால் இன்னொரு இழுப்பு, தூக்கிப் போட்டுவிட வேண்டும். இன்னொரு தடவை இழுக்கலாமே என்று கை அரிக்கும், இழுத்தால் முதலில் எடுத்த மணலையே திரும்பத் தேய்ப்பாய். உன்னுடையது சென்சாருக்கு முன்னால் கண்ணாடி மடங்கும் பழைய வகை, அதனால் பேட்டரி முழுக்க ஏற்றிவிட்டுத்தான் தொட வேண்டும், நடுவில் சார்ஜ் இறங்கினால் கண்ணாடி ஸ்வாப் மேலேயே வந்து விழும்.

லென்ஸ் முகத்தில் படிந்த உப்புக்கு ஒரு விஷயம், இதை உப்பளத்துக்காரன் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஸ்பிரிட்டில் உப்பு கரையாது. லென்ஸ் திரவம் பெரும்பாலும் ஸ்பிரிட் வகை, அதை எவ்வளவு தேய்த்தாலும் உப்பு இங்கிருந்து அங்கே போகும், அவ்வளவுதான். முதலில் மணலை ஊதித் தள்ளிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடு, அதன் பிறகுதான் திரவம். வேட்டி நுனியால் துடைக்கிற உன் பழக்கத்தை இன்னும் விடவில்லை என்று அந்தப் படத்தின் ஓரத்திலேயே தெரிகிறது. ஸ்டாண்டின் கால்களையும் பூட்டைத் திறந்து நல்ல தண்ணீரில் அலசிவிடு, கடற்கரைக்கு வந்தால்.

இன்னொன்று. நீ மலையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது, அந்த 33 கிலோமீட்டரில் குளிரிலிருந்து வெக்கைக்கு வந்துவிடுகிறாய். பையைத் திறந்ததும் கேமரா வேர்த்துக் கொட்டும், உள்ளேயும்தான். கிளம்புவதற்கு முன்பே பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை இறுக மூடு, கீழே வந்து ஒரு மணி நேரம் கழித்துத் திற. வேர்ப்பதெல்லாம் கவரோடு போகும்.

மற்றபடி மூட்டு வலி அப்படியே இருக்கிறது. மழையால் உப்பளத்தில் வேலை இல்லை, பாத்தி எல்லாம் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது, படத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது, வேலை இல்லாதவர்களைப் பார்த்தால் எடுக்க மனசு வரவில்லை. தை பிறந்து உப்பு விளைய ஆரம்பித்ததும் போகலாம், நீயும் வா. வர்க்கி ஒரு கிலோ கொண்டு வா, மக்ரூன் நான் தருகிறேன், இரண்டையும் அந்தச் சிலிக்கா டப்பாவில் வைக்க உன் தங்கச்சி விடமாட்டாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

லென்ஸையும் எடுத்து வா. அந்த ஸ்டூடியோக்காரர் இன்னும் கடை திறக்கிறார், காட்டலாம். துடைத்த பிறகு அது இங்கேதான் இருக்கும். உன்னுடைய ஆறு மாதம் முடிந்து பதினோரு வருஷமாகிறது.

உன்,
பாதி லென்ஸ்காரன்