மலைப்பாதையில் ஓட்டும் நண்பனுக்கு, வண்டி விளக்கைப் பற்றி

திருச்சி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. கோத்தகிரி வீட்டில் பால் காய்ச்சி நீயும் மீனாட்சியும் குடியேறிவிட்டீர்கள் என்று அறிந்து மனம் நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். பேரன் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டான். மற்றச் செய்திகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். வண்டி விளக்கைப் பற்றி நீ எழுதியிருந்ததற்கு உடனே பதில் எழுதியாக வேண்டும் என்று தோன்றியதால் இதை இன்றே எழுதுகிறேன்.

வலப்பக்க ஹெட்லைட்டில் தூரத்துக்கு அடிக்கும் பிரைட் எரிகிறது, தாழ்வாக அடிக்கும் டிம் எரியவில்லை; மூடுபனிக்கென்று பம்பரில் இருக்கும் ஃபாக் லைட்டும் ஒரு பக்கம் அணைந்துவிட்டது; கடைக்காரர் எல்.ஈ.டி. போடச் சொல்கிறார், மெக்கானிக் 100/90 வாட் பல்பு போடச் சொல்கிறார். இதில் எதைக் கேட்பது என்று எழுதியிருந்தாய். இரண்டையும் கேட்க வேண்டாம். வண்டியோடு வந்த அதே வகை, அதாவது 60/55 வாட் எச்4 பல்பு இரண்டு வாங்கி, இரு பக்கமும் நீயே வீட்டு வாசலில் மாற்றிவிடு. நல்ல நிறுவனத்தின் சாதாரண பல்பே போதும். ஆனால் அதை இந்த வாரமே செய்துவிட வேண்டும். நாம் இடப்பக்கம் போகிறவர்கள் என்பதால், எதிரே வருகிறவருக்கு மிக அருகில் இருப்பது நம் வலப்பக்க விளக்குதான். அது எரியாதபோது, கொண்டை ஊசி வளைவில் எதிரே இறங்கி வரும் லாரிக்காரர் உன் இடப்பக்க விளக்கை மட்டும் கண்டு, ஓரமாக ஏறி வரும் இருசக்கர வண்டி என்று நினைத்துக்கொள்வார். உன் வண்டியின் பாதி அகலம் அவர் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

கோளாறு பல்பில்தான் இருக்கிறது என்று நான் துணிந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. எச்4 பல்பு ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள் கொண்டது: பிரைட்டுக்கு 60 வாட் இழை, டிம்முக்கு 55 வாட் இழை. ஊருக்குள்ளும் மலையிலும் அதிகம் எரிவது டிம் என்பதால் பெரும்பாலும் அதுவே முதலில் அறுந்துபோகும். பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அறுந்த இழை கண்ணுக்கே தெரியும். சில சமயம் கண்ணாடியின் உட்புறம் கருகியும் இருக்கும். இழை முழுதாக இருந்தால் மட்டும் பியூஸைப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் வலம், இடம் இரண்டுக்கும் தனித்தனி பியூஸ் உண்டு. இரு பக்கமும் ஒரே நேரத்தில் அணைந்தால்தான் ரிலேயையும் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) ஸ்டியரிங்கை ஒட்டிய ஸ்விட்சையும் சந்தேகிக்க வேண்டும். ஒரு பக்கம் போனாலும் இரண்டையும் மாற்றச் சொல்வது ஏனென்றால், இரண்டும் ஒரே காலம் எரிந்தவை. மற்றதும் அதிக நாள் தாங்காது. மேலும் பழைய பல்பும் புதிய பல்பும் ஒரே அளவில் ஒளி தராது.

இனி அந்த 100/90 விஷயம். 55 வாட் இழை 12 வோல்ட்டில் ஏறத்தாழ நான்கரை ஆம்பியர் இழுக்கும். 90 வாட் இழை ஏழரை ஆம்பியர் இழுக்கும். தொழிற்சாலையில் போட்ட ஒயரும், பல்பின் பின்னால் மாட்டும் கப்ளரும், ஸ்விட்சும் அந்த அளவு மின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. முதலில் கப்ளர் பழுப்பேறும், பிறகு இளகும், கடைசியில் பின்கள் தளர்ந்து கருகும். பல்பின் வெப்பத்தில், விளக்குக்குள் ஒளியை முன்னோக்கித் திருப்பும் ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சும் மங்கிப்போகும். அந்தப் பூச்சு ஒருமுறை போனால் எந்தப் பல்பைப் போட்டாலும் வெளிச்சம் திரும்பாது. முழு விளக்கையே மாற்ற வேண்டியிருக்கும்.

வெளிச்சம் போதவில்லை என்று நீ எழுதியிருப்பதற்கு உண்மையான காரணம் வேறாக இருக்கலாம். இழை பல்பின் ஒளி, அதற்கு வந்து சேரும் வோல்டேஜைப் பொறுத்து மிக வேகமாக ஏறி இறங்கும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். உன்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறதல்லவா? எஞ்சினை ஓடவிட்டு, டிம்மைப் போட்டு, பேட்டரி முனைகளில் ஒருமுறை அளந்து பார். 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும். பிறகு பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே கப்ளரின் பின்புறத்தில் முள்ளை நுழைத்து அளந்து பார். அரை வோல்ட் வரை குறைந்தால் பரவாயில்லை. ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் பல்பின் மேல் குற்றமில்லை. கப்ளரிலோ, ஒயர் வண்டியின் உடலோடு சேரும் எர்த் இணைப்பிலோ துரு ஏறியிருக்கிறது, அல்லது ஒயர் மெலிந்திருக்கிறது என்று பொருள். நீலகிரியின் ஈரத்தில் எர்த் நட்டில் துரு பிடிப்பது மிகவும் சாதாரணம்; அதைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினாலே பெரிய வித்தியாசம் தெரியும். அதற்கும் தீராவிட்டால், பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்துத் தனி ஒயர் இழுத்து, இரண்டு ரிலேயும் பீங்கான் ஹோல்டரும் போட்டுத் தரும்படி ஒரு நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் சொல். அதற்குப் பிறகு அதே 60/55 பல்பு, எதிரே வருகிறவரைக் கூசவைக்காமல், உனக்கு வேண்டிய வெளிச்சம் முழுவதையும் தரும். விளக்கின் வெளிக்கண்ணாடி மஞ்சள் பூத்திருக்கிறதா என்றும் பார். அது கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக், வெயிலில் பழுப்பேறும். தண்ணீர்த்தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டுத் தேய்த்து பாலிஷ் செய்தால் தெளியும்.

எல்.ஈ.டி. வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. எச்4 பல்பு 1971-இல் வந்தது. அதன் டிம் இழைக்குக் கீழே ஒரு சிறிய உலோகக் கிண்ணம் இருப்பதை நீ கவனித்திருப்பாய். இழையின் ஒளி ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டால் மேல்நோக்கிப் பாய்ந்து எதிரே வருகிறவர் கண்ணில் விழும். அதைத் தடுப்பதற்காகவே அந்தக் கிண்ணம். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த மெல்லிய இழை நிற்கும் இடத்தைக் கணக்கிட்டு வார்க்கப்பட்டது. அதே துளையில் செருகும் எல்.ஈ.டி. பல்பில் ஒளி புறப்படும் இடமும் அது பரவும் விதமும் மாறிவிடுகின்றன. ஒரு தகட்டின் இரு பக்கமும் ஒட்டிய சில்லுகளிலிருந்து வரும் ஒளி, சாலையில் ஓரிடத்தில் பளிச்சென்றும் ஓரிடத்தில் இருட்டாகவும் விழும். மிச்சம் எதிரே வருகிறவர் முகத்தில் விழும். தொழிற்சாலையிலேயே எல்.ஈ.டி.க்கென்று வடிவமைத்த விளக்குகளைப் பற்றி நான் சொல்லவில்லை. அவை நன்றாகவே இருக்கின்றன. நீலப் பூச்சுப் பூசிய ‘ஒயிட்’ பல்புகளையும் வாங்காதே. அந்தப் பூச்சு ஒளியின் ஒரு பகுதியைத் தானே விழுங்கிவிடும். மூடுபனியில் அந்த நீல வெண்மை கண்ணை இன்னும் கூசச் செய்யும்.

மாற்றும் வேலை எளிது. சாவியை எடுத்துவிட்டு, விளக்கு நன்றாக ஆறும்வரை பொறுத்திரு. எரியும் ஹாலஜன் பல்பின் கண்ணாடி சில நூறு டிகிரி வெப்பத்தில் இருக்கும். பானெட்டைத் திறந்தால் விளக்கின் பின்னால் மூன்று பின் கொண்ட கப்ளர் தெரியும். ஒயரைப் பிடித்து இழுக்காமல், கப்ளரின் உடலைப் பிடித்து மெல்ல இடவலமாக அசைத்து இழு; பழைய வண்டியில் கொஞ்சம் பிடிவாதம் காட்டும். அடுத்து ரப்பர் பூட், அதாவது விளக்கின் பின்பக்கத்தை மூடியிருக்கும் ரப்பர் உறை. அதன் காதைப் பிடித்து இழுத்தால் கழன்றுவிடும். உள்ளே பல்பை அழுத்திப் பிடித்திருக்கும் கம்பி கிளிப்பை உள்நோக்கி அமுக்கிப் பக்கவாட்டில் தள்ளினால் விடுபடும். அது எப்படி மாட்டியிருக்கிறது என்று கழற்றும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள். திரும்ப மாட்டும்போது கைதான் அங்கே போகும், கண் எட்டாது. பேட்டரி இருக்கும் பக்கத்தில் கை நுழைய இடம் குறைவாக இருந்தால், போராடாமல் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடு.

புதிய பல்பை அதன் உலோக அடிப்பாகத்தைப் பிடித்தே கையாள வேண்டும். கண்ணாடியை விரல் தொடக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். காரணத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. அது சாதாரணக் கண்ணாடி அல்ல, மிகுந்த வெப்பம் தாங்கும் குவார்ட்ஸ். இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டனை உள்ளே இருக்கும் ஹாலஜன் வாயு பிடித்து மீண்டும் இழைக்கே கொண்டு சேர்க்கிறது. அது நடக்க வேண்டுமானால் கண்ணாடியின் சுவரே 250 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் விரலின் எண்ணெய்ப் பசையும் உப்பும் கண்ணாடியில் படிந்து, அந்த இடத்தில் குவார்ட்ஸ் பலமிழந்து, பல்பு சீக்கிரம் போய்விடும். கை பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துவிட்டுப் போடு. பல்பின் விளிம்பில் மூன்று காதுகள் இருக்கும்; அகலமானது மேலே வரும்படி வைத்தால்தான் சரியாக உட்காரும். உட்கார்ந்த பிறகு விரலால் அடிப்பாகத்தை அசைத்துப் பார்; துளியும் ஆடக் கூடாது. ஒரு காது மட்டும் விளிம்பில் ஏறி நின்றாலும் ஒளி வானத்தைப் பார்க்கும். ரப்பர் பூட்டை விளிம்பு முழுவதும் அமுக்கி மூடு. அங்கே நீ சொல்லும் ஈரக்காற்றில் சிறு இடைவெளி இருந்தாலும் விளக்குக்குள் நீர் கோத்துவிடும்.

ஃபாக் லைட்டுக்கு மேலிருந்து கை எட்டாது. ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பினால் சக்கரத்துக்கு முன்னால் உள்ள பிளாஸ்டிக் தடுப்பு தெரியும். அதன் சில கிளிப்புகளைக் கழற்றி விலக்கினால் பம்பருக்குள் கை நுழையும். கப்ளரின் கொக்கியை அமுக்கி இழுத்து, பல்பைக் கால் சுற்று இடமாகத் திருப்பினால் வெளியே வந்துவிடும். வண்டியைத் தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்துவிடாதே. ஸ்டாண்டு வைக்காமல் கையைக்கூட நீட்டாதே. பல்பின் அடியில் உள்ள எழுத்தைப் படித்துவிட்டுத்தான் புதியதை வாங்க வேண்டும். எச்8, எச்11 இரண்டும் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும்; முன்னது 35 வாட், பின்னது 55 வாட். பிளாஸ்டிக் காதைச் சீவி ஒன்றின் இடத்தில் மற்றதை நுழைத்துத் தரும் கடைகளும் உண்டு, சம்மதிக்காதே.

மேகம் சாலையில் இறங்கும்போது பிரைட்டைப் போட்டால், எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பியது போலாகிவிடும் என்று எழுதியிருந்தாய். மிகச் சரி. பனித் துளிகளில் பட்ட ஒளி உன் கண்ணுக்கே திரும்பி வருகிறது. ஃபாக் லைட் பம்பரின் அடியில் தாழ்வாக இருந்து, அகலமாகவும் தட்டையாகவும் ஒளியை விரிப்பதால், உன் பார்வைக் கோட்டில் உள்ள துளிகளின் மேல் அதிகம் படாமல் சாலையின் ஓரக்கோட்டையும் பள்ளத்தையும் காட்டும். டிம்மும் ஃபாக் லைட்டும் சேர்த்துப் போட்டு, தெரியும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் மட்டும் ஓட்டு. பனி விலகியதும் ஃபாக் லைட்டை அணைத்துவிடு.

பல்பு மாற்றியதோடு வேலை முடிந்துவிடாது. ஒளியைச் சுவரில் அடித்து, அது சரியான உயரத்தில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பலரும் செய்யாமல் விடுவது இதைத்தான், எனக்கு மிகுந்த வருத்தம் தருவதும் இதுதான். கோத்தகிரியில் சமதரை கிடைப்பது அரிது; ஏதாவது பள்ளி மைதானத்தில் கேட்டுப் பார். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், நீ ஓட்டுநர் இருக்கையில் உட்கார், டாஷ்போர்டில் விளக்கை ஏற்றி இறக்கும் சக்கரம் இருந்தால் அதைப் பூஜ்யத்தில் வை. சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடிழு. டிம்மின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இடப்பக்கம் மட்டும் சற்று மேலேறும், அது சாலையோரத்தைக் காட்டுவதற்காக. உன் விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அந்த ஒளி 65 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். மலைச்சாலை வேகத்துக்கு அது தாராளம். விளக்கின் பின்னால் உள்ள திருகுகளில் ஒன்று மேல்கீழாகவும் மற்றது இடவலமாகவும் திருப்பும். நம் வேலைக்குப் பெரும்பாலும் முன்னது போதும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி, விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்பக்கம் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்கிறது. மீனாட்சியை அந்த இடத்தில் நின்று பார்க்கச் சொல்.

ஹெட்லைட் பல்பு மேட்டுப்பாளையத்திலேயே கிடைக்கும், தள்ளிப்போடாதே. ஃபாக் லைட் பல்பின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எழுது. கிடைக்காத வகையாக இருந்தால் இங்கே வாங்கி, கார்த்திகையில் வரும்போது எடுத்து வருகிறேன். மல்டிமீட்டர் காட்டிய இரண்டு எண்களையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
ராமநாதன்