வெள்ளத்தில் அழிந்த அகதிப் பதிவுச் சான்றுக்கு நகல் கோரி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
வெளிப்பதிவில் (அகதி முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிந்து) உள்ள இலங்கைத் தமிழர் குடும்பத்தினர்,
ராம் நகர், வேளச்சேரி.

பெறுநர்:
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையுடன் முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் இல்லை. ஒப்புகைச் சீட்டுகளின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். ராம் நகர் எவ்வளவு பள்ளம் என்பது தாங்கள் அறியாததல்ல. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரித் தெருக்களில் படகு விட்டார்கள். நாங்கள் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். தண்ணீர் ஜன்னல் விளிம்பு வரை நின்றது.

1. நிவாரணத் தொகை 6,000 ரூபாய் குடும்ப அட்டைக்குத்தான் என்றார்கள். வெளிப்பதிவில் இருக்கும் எங்களுக்கு அட்டை கிடையாது. அட்டை இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றதும் ரேஷன் கடையில் படிவம் கொடுத்தோம். பணம் வரவில்லை. போகட்டும்.

2. போகட்டும் என்று விட முடியாதது எங்கள் பதிவுச் சான்று. 1990-இல் தலைமன்னாரிலிருந்து படகேறி வந்தபோது எனக்கு எட்டு வயது. இந்த நாட்டில் எங்களுக்கு இருந்த ஒரே ஆதாரம் அந்தத் தாள்தான். அம்மாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டியில் வைத்திருந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு திறந்தால், தாள்களெல்லாம் ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. பிரிக்கப் பிரிக்கக் கிழிந்தன. முத்திரையின் நீல மை அப்பாவின் படத்தில் பரவி முகமே தெரியவில்லை. மேலே துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தும் பார்த்தோம். பதிவு எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் மிஞ்சின.

3. வெள்ளத்தில் ஆவணங்களை இழந்தவர்களுக்கு அரசு சிறப்பு முகாம் நடத்தியது. நல்ல ஏற்பாடு, அக்கம்பக்கத்தினர் பயனடைந்தார்கள். எங்கள் முறை வந்தபோது, இது பட்டியலில் இல்லை, காவல் நிலையத்துக்குப் போங்கள் என்றார்கள். காவல் நிலையத்தில் வருவாய்த் துறைக் கடிதம் கேட்டார்கள். தங்கள் அலுவலகத்திலோ காவல் துறைக் கடிதம் கேட்கிறார்கள். போதாக்குறைக்கு, பழைய சான்றின் அசலைக் கொண்டுவா என்கிறார்கள். ஐயா, அசல் கையில் இருந்தால் நகல் கேட்டு நான் ஏன் வரப்போகிறேன்?

4. என் மகள் பிளஸ் டூ. மார்ச்சில் தேர்வு, மே மாதம் கல்லூரி விண்ணப்பம். பிறந்தது சென்னையில், ஆனால் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்திலும் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடமில்லை. அதையெல்லாம் தங்களிடம் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் எந்த நாட்டவர் என்ற இடத்தில் அவள் எதை எழுதுவாள், எழுதியதற்கு எதைக் காட்டுவாள்? வாசிக்கும் பிள்ளை இரவில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, தாள் கிடைத்ததா அப்பா என்று கேட்கிறாள்.

5. கிராம நிர்வாக அலுவலரை அனுப்பி விசாரியுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறை இன்னும் இருக்கிறது, தாளின் மிச்சமும் இருக்கிறது. சான்று வெள்ளத்தில் அழிந்தது என்று ஒரு கடிதம் தாருங்கள். காவல் நிலையப் பதிவேட்டில் எங்கள் பெயர் இருக்கிறது. கடிதம் வந்தால் எடுத்துப் பார்க்கிறோம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு கடிதம், ஐயா. தர முடியாது என்றால் அதையாவது எழுதிக் கொடுங்கள். அதை வைத்து மேலே முறையிடுவேன்.

விண்ணப்பத் தேதிக்கு முன்பாக ஆவன செய்யுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: ஒப்புகைச் சீட்டுகளின் நகல்கள், சேதமடைந்த சான்றின் புகைப்படம், மகளின் பிறப்புச் சான்று நகல்.